பக்கத்து வீட்டு மாத்திரை

"கைராசிக்காரர்" என்று சில மருத்துவர்களைப் பற்றி நம் பக்கத்தில் சொல்வதுண்டு. அவர் கொடுத்தால் மருந்து உடனே கேட்கும். அதே மருந்தை இன்னொருவர் எழுதிக் கொடுத்தால் கேட்காது. கேட்காமல் போனவரைப் பற்றிச் சொல்லவும் ஒரு சொல் தயாராக இருக்கிறது. "அவர் உடம்புவாகு அப்படி" என்பார்கள். இந்த இரண்டு விளக்கங்களில் முதலாவதை நான் ஏற்பதில்லை. இரண்டாவதைத் தள்ளிவிட முடியவில்லை. ஏனெனில் உடம்புவாகு என்று நம் பாட்டிமார் சொன்னதில் ஒரு பகுதியை இன்று கடிகாரம் வைத்து அளக்கலாம். சென்னையிலேயே அதை அளந்தும் இருக்கிறார்கள்.

நான் கல்லூரியில் பௌதிகம் கற்பிப்பவன், மருத்துவன் அல்லன். மருந்தைப் பற்றி இவனுக்கு என்ன பேச்சு என்று நீங்கள் கேட்கலாம். உடலுக்குள் சென்ற மருந்து நேரம் ஆக ஆகக் குறைந்து வரும் கணக்கு, நீங்கள் கதிரியக்கப் பாடத்தில் படிக்கும் அரை ஆயுட்காலக் கணக்குத்தான். ஆகவே எனக்கும் கொஞ்சம் உரிமை உண்டு.

கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவிலும் சரி, கல்வராயன் மலையில் வெள்ளிமலையைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் சரி, இத்தகைய பேச்சைக் கேட்கலாம்: "அண்ணி, எனக்கும் இப்படித்தான் முட்டிவலி இருந்துச்சு. டாக்டரு இந்த மாத்திரை குடுத்தாரு. நாலே நாளுல நல்லாப் போச்சு. இன்னும் ஆறு மிச்சம் இருக்கு, நீங்க போட்டுப் பாருங்க." அன்பினால் சொல்லும் சொல்தான். அதிலும் மலையிலிருந்து பேருந்துக்குக் காத்திருந்து கீழே இறங்கி, மருத்துவரைப் பார்த்துத் திரும்பினால் ஒரு நாள் கூலி போய்விடும். அப்படிப்பட்ட ஊரில், மீந்த மாத்திரை பக்கத்து வீட்டுக்குப் போவதை அறியாமை என்று ஒரு சொல்லில் தள்ளிவிட எனக்கு மனமில்லை. ஆனால் அந்தப் பேச்சுக்குள் ஒளிந்திருக்கும் வாதம் தவறானது. "என் உடம்பில் வேலை செய்தது, உன் உடம்பிலும் அதே அளவில், அதே விதத்தில் வேலை செய்யும்" என்கிறது அந்த வாதம். செய்யுமா? பார்ப்போம்.

நீங்கள் ஒரு மாத்திரையை விழுங்குகிறீர்கள். அது வயிற்றில் கரைந்து, குடலின் சுவர் வழியாக இரத்தத்தில் சேர்கிறது. குடலிலிருந்து புறப்படும் இரத்தம் முதலில் செல்லும் இடம் கல்லீரல். அங்கே நொதிகள் எனப்படும் புரதங்கள் காத்திருக்கின்றன. உடலுக்கு வெளியிலிருந்து வந்த பொருள் எதுவாயினும், அதில் ஏதேனும் ஒரு சிறு மாற்றத்தைச் செய்து, நீரில் எளிதில் கரையும்படி ஆக்கி, சிறுநீரகத்தின் வழியே வெளியே தள்ளுவதற்கு வழி செய்கின்றன அவை. மருந்து நன்மை செய்ய வந்ததா, தீமை செய்ய வந்ததா என்பது நொதிக்குத் தெரியாது. இரத்தத்தில் எவ்வளவு மருந்து, எவ்வளவு நேரம் தங்குகிறது என்பதைப் பெரும்பாலும் இந்த நொதிகளின் வேகமும் சிறுநீரகத்தின் வேகமுமே முடிவு செய்கின்றன. மாத்திரை அட்டையில் அச்சிட்டிருக்கும் மில்லிகிராம் எண், உள்ளே போனது எவ்வளவு என்பதை மட்டுமே சொல்கிறது.

இனி சென்னைக்கு வருவோம்.

காசநோய்க்கு ஐசோனியாசிட் என்ற மருந்து 1952இல் பயன்பாட்டுக்கு வந்தது. ஐ.என்.எச். மாத்திரை என்று மருத்துவமனைகளில் சொல்வது இதைத்தான். மலிவானது, வலிமையானது; இன்றும் காசநோய்ச் சிகிச்சையில் முன்வரிசை மருந்து. 1956இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் ஒன்று தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை கூடி அமைத்தது அது. இன்று அது தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் இயங்குகிறது. நோயாளிகளை மாதக்கணக்கில் சானடோரியத்தில் படுக்க வைக்காமல், அவரவர் வீட்டிலேயே இருக்கச் செய்து மருந்து கொடுத்தாலும் குணம் ஏறக்குறைய சமமாகவே கிடைக்கிறது என்று 1959இல் உலகுக்குக் காட்டியது அந்த மையம்தான். நெரிசலான குடியிருப்பில், போதிய உணவின்றி இருந்த ஏழை நோயாளிகளிடம் பெற்ற முடிவு இது.

அந்த மையத்தார் மற்றொன்றையும் கவனித்தனர். ஐசோனியாசிட்டைக் கல்லீரல் நொதி ஒன்று, அசெட்டைல் தொகுதி என்னும் சிறு வாலை ஒட்டிச் செயலற்றதாக ஆக்கிவிடுகிறது. இந்த ஒட்டும் வேலையைச் சிலர் உடம்பு விரைவாகச் செய்கிறது. சிலர் உடம்பு மெதுவாகச் செய்கிறது. முன்னவரை வேகக்காரர் என்றும் பின்னவரை நிதானக்காரர் என்றும் நாம் பெயரிட்டுக்கொள்வோம். 1961இல் வெளியான சென்னை ஆய்வின்படி, தென்னிந்திய நோயாளிகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 60 பேர் நிதானக்காரர்கள். ஜப்பானியரிடம் பார்த்தால் பத்தில் ஒருவர்தான் அப்படி.

இது உயரம், எடை போன்ற வேறுபாடு அன்று என்பதைக் கவனியுங்கள். உங்கள் பள்ளி மாணவர்களின் உயரத்தை அளந்து வரைபடம் போட்டால், நடுவில் உயர்ந்து இருபுறமும் சரியும் ஒரே ஒரு குன்று கிடைக்கும். பிரைஸ் எவன்ஸ் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் 53 குடும்பங்களைச் சேர்ந்த 267 பேருக்கு, அவரவர் எடைக்கு ஏற்ப ஐசோனியாசிட் கொடுத்து, 6 மணி நேரம் கழித்து இரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தார்கள். 1960இல் அவர்கள் வெளியிட்ட வரைபடத்தில் இரண்டு குன்றுகள் நின்றன. சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன் என்று நம் மலை இரண்டாகக் கிடப்பது போல! எடை வேறுபாட்டை முன்கூட்டியே கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் இரண்டு குன்று வருகிறதென்றால், மனிதர்கள் இந்த ஒரு விஷயத்தில் இரு வகையாகப் பிரிந்திருக்கிறார்கள் என்றுதான் பொருள். குடும்பங்களை வைத்துப் பார்த்ததால் மெண்டலின் பட்டாணிக் கணக்கும் இங்கே பொருந்துவது தெரிந்தது. தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக வரும் இரண்டு ஜீன்களும் மெதுவான வகையாக இருந்தால்தான் ஒருவர் நிதானக்காரர். ஆகவே வேகக்காரத் தாய்க்கும் வேகக்காரத் தந்தைக்கும் நிதானக்காரப் பிள்ளை பிறக்கலாம். அம்மாவுக்குக் கேட்ட அளவு பிள்ளைக்கும் சரியாக இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது.

இதனால் என்ன வேறுபாடு வந்துவிடப் போகிறது? கணக்குப் போடுவோம். வேகக்காரரின் உடம்பில் ஐசோனியாசிட்டின் அரை ஆயுட்காலம் ஒன்றரை மணி, நிதானக்காரர் உடம்பில் 3 மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மையான அளவுகளும் இவற்றை ஒட்டியவையே. இருவரும் காலை 8 மணிக்கு 300 மில்லிகிராம் மாத்திரை ஒன்று போடுகிறார்கள். இரவு 8 மணிக்கு, அதாவது 12 மணி நேரம் கழித்து, நிதானக்காரர் உடம்பில் மருந்து நான்கு முறை பாதியாகியிருக்கும். 16இல் ஒரு பங்கு, ஏறத்தாழ 19 மில்லிகிராம் மிஞ்சும். வேகக்காரர் உடம்பில் எட்டு முறை பாதியாகி 256இல் ஒரு பங்கு, 1 மில்லிகிராமுக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். நொதியின் வேகத்தில் இரண்டு மடங்கு வேறுபாடு, இரவில் பதினாறு மடங்காக நிற்கிறது. அடுக்குக்குறிப் பெருக்கம் இப்படித்தான் ஆளை ஏமாற்றும். வகுப்பில் நான் இந்தக் கணக்கைப் போடும்போதெல்லாம், "சார், அப்படியானால் வேகக்காரருக்குக் காசநோய் குணமாகாதா?" என்று ஒரு மாணவராவது கேட்பார்.

நல்ல கேள்வி. குணமாகும். நாள்தோறும் மருந்து எடுத்துக்கொள்ளும் முறையில் இருவரும் ஏறத்தாழ ஒரே மாதிரி குணமடைந்தார்கள். வாரம் இருமுறை, மருத்துவ ஊழியர் முன்னிலையில், கூடிய அளவு மருந்தை மற்றொரு மருந்துடன் சேர்த்துக் கொடுத்தபோதும் நல்ல பலன் இருந்தது. வாரத்துக்கு ஒரே முறை என்று இடைவெளியை நீட்டியபோதுதான் வேகக்காரர்கள் பின்தங்கினார்கள். நிதானக்காரருக்கு வேறு தொல்லை. மருந்து அதிக நேரம் தங்குவதால் அவர்களில் சிலருக்குக் கைகால் எரிச்சல், மரத்துப்போதல் போன்ற நரம்புக் கோளாறு வந்தது. ஐசோனியாசிட் உடலில் உள்ள பி6 வைட்டமினைக் குறைத்துவிடுவதே காரணம். நாள்தோறும் 6 மில்லிகிராம் பி6 சேர்த்துக் கொடுத்தாலே இதைத் தடுக்கலாம் என்று 1963இல் சென்னை மையமே காட்டியது. மருந்தை நிறுத்த வேண்டியதில்லை. சிறு துணை போதும்.

இதை இவ்வளவு விரிவாகச் சொன்னதற்கு ஒரு காரணம் உண்டு. "இங்கிலீஷ் மருந்து எங்க உடம்புக்கு ஒத்துக்காது" என்று படித்தவர்கள்கூடச் சொல்லக் கேட்கிறேன். கைகால் எரிந்த அந்த நிதானக்கார நோயாளியும் அப்படிச் சொல்லி மருந்தை நிறுத்தியிருக்கலாம். நிறுத்தியிருந்தால் நோய் மீண்டும் தலைதூக்கியிருக்கும். ஒத்துக்கொள்ளாதது எது, யாருக்கு, எவ்வளவு நேரத்தில் என்று அளந்ததால்தான் அதே மருந்தை அவருக்கும் பயன்படச் செய்ய முடிந்தது. அன்றியும், நம் மலையில் பொறுக்கும் கடுக்காய் மட்டும் எல்லாருக்கும் ஒரே மாதிரி வேலை செய்கிறதா? ஒருவர் ஒருமுறை போய்வந்து உட்கார்ந்துவிடுகிறார்; இன்னொருவர் நாலைந்து முறை அலைகிறார். உடம்புவாகு எந்த வைத்தியத்துக்கும் விலக்களிப்பதில்லை.

ஐசோனியாசிட் ஒன்றுதான் இப்படி என்று எண்ண வேண்டாம். கோடீன் என்ற மருந்து சில இருமல் மருந்துகளில் இருக்கிறது. அது கல்லீரலில் மார்ஃபீனாக மாறிய பிறகுதான் பெரிதும் வேலை செய்யும். அந்த மாற்றத்தைச் செய்யும் நொதி சிலருக்கு இல்லை. அவர்களுக்குக் கோடீனால் வலி அதிகம் குறைவதில்லை. வேறு சிலருக்கோ அந்த நொதி அளவுக்கு மீறி இருக்கிறது; சாதாரண அளவு கோடீனே மூச்சை அடக்கும் அளவுக்கு மார்ஃபீனாக மாறிவிடும். சிறுவர்கள் சிலர் இவ்வாறு இறந்த பின்னரே, 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கோடீன் கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2017இல் அறிவித்தது. மலேரியாவுக்குத் தரும் பிரைமாகுவின், ஜி6பிடி என்னும் நொதி குறைந்தவர்களின் இரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். இக்குறைபாடு இந்தியாவின் பழங்குடி மக்கள் பலரிடம் கூடுதலாகக் காணப்பட்டிருக்கிறது.

கோவைப் பக்கத்துச் செய்தி ஒன்றும் உண்டு. அறுவைச் சிகிச்சையின்போது தசைகளைத் தளர்த்துவதற்காக சக்சினைல்கோலின் என்ற ஊசி போடுவார்கள். இரத்தத்தில் உள்ள ஒரு நொதி அதைச் சிதைத்துவிடுவதால் சில நிமிடங்களில் தசைகள் பழைய நிலைக்கு வரும். அந்த நொதி இல்லாதவர்களுக்கு மணிக்கணக்கில் மூச்சுத் தசைகள் அசையாது. செயற்கைச் சுவாசம் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். வைசியச் சமூகத்தாரில் சிலரிடம் இந்தக் குறை இருப்பதைக் கோவை பாரதியார் பல்கலைக்கழகப் பேராசிரியர் பூபதியும் உடன் ஆய்வாளர்களும் ஆராய்ந்து, அதற்குக் காரணமான ஜீன் மாற்றத்தை 2006இல் வெளியிட்டார்கள். நெருங்கிய உறவுக்குள் மணமுடிக்கும் வழக்கம் உள்ள எந்தக் கூட்டத்திலும், இப்படி இரண்டு குறையுள்ள ஜீன்கள் ஒருவரிடம் வந்து சேரும் வாய்ப்பு அதிகம். தமிழ்நாட்டில் மாமன் மகள், அத்தை மகன் உறவு யாருக்குப் புதிது? ஆனால் சாதிப் பெயரைக் கேட்டு மருந்து கொடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் அதை நான் ஒப்பமாட்டேன். சென்னையில் 100 பேரில் 60 பேர் நிதானக்காரர் என்ற எண், உங்கள் எதிரே உட்கார்ந்திருக்கும் ஒருவர் எந்த வகை என்று சொல்வதில்லை. கேட்க வேண்டிய கேள்வி வேறு: "உங்கள் குடும்பத்தில் யாருக்காவது மயக்க மருந்து கொடுத்தபோது விழிக்க நேரமானதுண்டா?"

இதுவரை மருந்தைப் பற்றிப் பேசினோம். நஞ்சும் இதே விதிக்குக் கட்டுப்பட்டதே. கள்ளக்குறிச்சியில் இருந்துகொண்டு இதைச் சொல்லாமல் விட முடியாது. 2024 ஜூன் மாதத்தில் நகரின் கருணாபுரம் பகுதியிலும் சுற்றிலும் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். குடித்தவர் எல்லாரும் இறக்கவில்லை. பலர் சிகிச்சைக்குப் பின் வீடு திரும்பினார்கள். ஏன்? குடித்த அளவு, மருத்துவமனைக்கு வந்த நேரம் ஆகியவை முதல் காரணங்கள். அவற்றோடு நொதியின் கதையும் இருக்கிறது.

மெத்தனால் உடலுக்குள் போன உடனே பெருங்கேடு செய்வதில்லை. கல்லீரல் நொதி அதை ஃபார்மால்டிஹைடாகவும், பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. சில எறும்புகள் கடித்தால் எரிகிறதே, அந்த எரிச்சலுக்குக் காரணமான அமிலம் இதுதான். இது சேரச் சேரப் பார்வை நரம்பு கெடுகிறது, இரத்தம் அமிலமாகிறது. இதே நொதிதான் சாதாரணச் சாராயமான எத்தனாலையும் கவனிக்கிறது. இரண்டும் இருந்தால் எத்தனாலையே முதலில் பிடித்துக்கொள்கிறது. மெத்தனால் முறைக்காகக் காத்துக் கிடக்கும். ஆகவே கலப்பில் எத்தனால் எவ்வளவு இருந்தது என்பதைப் பொறுத்து, அறிகுறி தெரிய 12 மணி நேரமோ ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகலாம். "அவன் சாயங்காலம் குடித்தான், நன்றாகத்தானே இருக்கிறான்" என்று பக்கத்து ஆளைப் பார்த்துத் தைரியம் கொள்வது எவ்வளவு கொடிய ஏமாற்றம் என்று இப்போது தெரிகிறதல்லவா? மருத்துவர்கள் கொடுக்கும் ஃபோமெபிசோல் என்ற மாற்று மருந்து, அந்த நொதியையே செயலற்றதாக்கி, ஃபார்மிக் அமிலம் உண்டாகாமல் தடுக்கிறது. தேவையானால் இரத்தச் சுத்திகரிப்பும் செய்வார்கள். வீட்டில் வேறு சாராயத்தைக் கொடுத்துச் சரிசெய்துவிடலாம் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. மருத்துவமனை ஒன்றே வழி.

உங்களில் யாருக்கேனும் இங்கே ஓர் ஐயம் தோன்றியிருக்கும். குடற்புழு நீக்க நாளில் பள்ளியில் எல்லாருக்கும் ஒரே 400 மில்லிகிராம் அல்பெண்டசோல் மாத்திரை கொடுக்கிறார்களே, அது மட்டும் எப்படிச் சரி? அந்த மாத்திரை இரத்தத்தில் மிகக் குறைவாகவே சேர்கிறது. புழு இருப்பது குடலில். மருந்து வேலை செய்ய வேண்டிய இடமும் குடல்தான். கல்லீரல் வேகமோ நிதானமோ, அதிகம் பொருட்டில்லை. பயன் தரும் அளவுக்கும் கேடு செய்யும் அளவுக்கும் இடையில் நல்ல இடைவெளியும் இருக்கிறது. இத்தகைய மருந்துகளை எல்லாருக்கும் ஒரே அளவாகக் கொடுக்கலாம். இடைவெளி குறுகிய மருந்துகளில்தான் ஆளுக்கு ஆள் கவனம் வேண்டும்.

இனி எல்லாருக்கும் ஜீன் பரிசோதனை செய்துவிட்டால் தொல்லை தீர்ந்தது என்று சிலர் எழுதுகிறார்கள். ஒரு சொட்டு இரத்தத்தில் ஐசோனியாசிட் நொதியின் வகையை இன்று கண்டுபிடிக்க முடியும் என்பது உண்மைதான். எனினும் நான் அதற்கு முன் வேறு சிலவற்றைக் கேட்பேன். கல்வராயன் மலையின் ஒவ்வொரு துணை சுகாதார நிலையத்திலும் சரியாகக் காட்டும் எடை இயந்திரம் ஒன்று, அதில் நோயாளியை ஏற்றிப் பார்க்க நேரமுள்ள ஓர் ஊழியர், மீந்த மாத்திரைகளைத் திரும்ப வாங்கிக்கொள்ள ஒரு பெட்டி. சிறுநீரகமும் கல்லீரலும் பழுதுபட்ட முதியவருக்கு இளைஞருக்கான அளவைக் கொடுத்துவிடாமல் இருக்க ஜீன் பரிசோதனை தேவையில்லை. வயதைக் கேட்டாலே பாதி வேலை முடிந்தது. வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்பது அடுத்த கேள்வி. நாட்டு மருந்தையும் சேர்த்துக் கேட்க வேண்டும், "அதெல்லாம் எதற்கு?" என்று எரிந்து விழுந்தால் அடுத்த முறை யாரும் சொல்லமாட்டார்கள்.

உங்களால் ஆகக்கூடியதும் ஒன்று உண்டு. வீட்டுக்கு ஒரு குறிப்பேடு போடுங்கள். ஆளுக்கு ஒரு பக்கம். எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம், எந்த நோய்க்கு, எந்தத் தேதி. போட்ட பிறகு அரிப்பு, தடிப்பு, மயக்கம், வாந்தி ஏதேனும் வந்ததா, எத்தனை மணி நேரம் கழித்து? எழுதப் படிக்கத் தெரியாத ஆயாவின் பக்கத்தையும் நீங்களே எழுதலாம். மருந்தின் பெயரை அட்டையைப் பார்த்து எழுத வேண்டும். "சிவப்பு மாத்திரை" என்று எழுதினால் பயனில்லை. மலையிலிருந்து பிழைப்புக்காக மாதக்கணக்கில் வெளியூர் செல்லும் அண்ணன்மார் புறப்படும்போது, அவரவர் பக்கத்தை ஒரு தாளில் படியெடுத்து மடித்துச் சட்டைப் பையில் வைத்து அனுப்புங்கள். அங்கே அவரைப் பார்க்கப் போகும் மருத்துவருக்கு இவரைப் பற்றித் தெரிந்த செய்தி அது ஒன்றாகத்தான் இருக்கும்.